மூளையின் முதுமை, உடற்பயிற்சி, நிச்சயமில்லாத நிதி: இந்த ஆய்வுக்கு இப்போது வரலாமா?

கேள்வி இது: "நரம்பியலில் முதுகலை முடிக்கப் போகிறேன். வயதாகும் மூளையில் உடற்பயிற்சி என்ன மாற்றம் செய்கிறது என்பதை அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்காக ஆராய ஆசை. ஆனால் அங்கே ஆய்வு மானியங்கள் நிறுத்தப்படுவதாக வரும் செய்திகளைப் படித்தால் பயமாக இருக்கிறது. 'நடந்தால் நல்லது' என்பதுதான் தெரிந்துவிட்டதே, இன்னும் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது என்றும் வீட்டில் கேட்கிறார்கள். வரலாமா, வேண்டாமா?"

நான் முதுமை ஆய்வில் வேலை பார்ப்பவன். வரலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எங்கே போகிறீர்கள், யாரிடம் சேர்கிறீர்கள், அங்கே பணம் எங்கிருந்து வருகிறது என்று முன்பு யாரும் கேட்காத அளவுக்கு நீங்கள் கேட்டாக வேண்டும். முதலில் வீட்டார் கேட்டதை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால்தான் நிதிப் பிரச்சினை இந்தத் துறையை ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பது புரியும்.

1995-இல் கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் கார்ல் காட்மனின் குழு எலிகளுக்குச் சுழல்சக்கரம் கொடுத்து ஓடவிட்டது. சில நாள் ஓடிய எலிகளின் மூளையில் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி கூடியிருந்தது. நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் புதிய இணைப்புகள் உண்டாகவும் உதவும் புரதம் அது. உடற்பயிற்சி இதயத்துக்கும் தசைக்கும்தான் என்று நினைத்திருந்த காலத்தில், ஓட்டத்தின் விளைவு ஹிப்போகேம்பஸில் தெரிந்தது பலருக்கு ஆச்சரியம். புதிய நினைவுகள் உருவாக இன்றியமையாத பகுதி ஹிப்போகேம்பஸ். அல்சைமர் நோயில் முதலில் அடிவாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. நான்கு ஆண்டு கழித்து, 1999-இல், சால்க் நிறுவனத்தில் ஹென்ரியெட் வான் பிராக், கெம்பர்மன், ஃபிரெட் கேஜ் மூவரும் ஓடும் சுண்டெலிகளின் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாகப் பிறப்பதைக் காட்டினார்கள். 2005-இல் வான் பிராக் குழு 19 மாத வயதான சுண்டெலிகளை எடுத்துக்கொண்டது. சுண்டெலிக்கு அது முதுமை. ஒரு மாதம் சக்கரத்தில் ஓடியதில், வயதால் குறைந்துபோயிருந்த புது அணுப் பிறப்பு இளம் எலிகளின் அளவில் பாதிவரை மீண்டது. கற்கும் வேகமும் கூடியது. முதுமையில் தொடங்கினாலும் பலன் உண்டு என்று அந்த முடிவு சொன்னது. என்னைப் போலப் பலர் இந்தத் துறைக்கு வந்ததற்கு அது ஒரு காரணம்.

இந்தச் சோதனையைக் கிட்டத்தில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். சுண்டெலி இரவில் விழிக்கும் பிராணி. அறையில் விளக்கு அணைந்ததும் இளம் எலி உடனே சக்கரத்தில் ஏறிவிடும். ஒரே இரவில் பல கிலோமீட்டர் ஓடும். சக்கரத்தில் ஒட்டிய சிறு காந்தம் ஒவ்வொரு சுற்றையும் கணினியில் பதிவு செய்யும். கிழட்டு எலி அப்படி ஓடாது. ஏறும், கொஞ்சம் ஓடும், இறங்கித் தண்ணீர் குடிக்கும், ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஏறும். காலையில் பதிவைப் பார்த்தால் இளம் எலியின் தூரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனாலும் யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாக ஓடியிருக்கும். அந்தக் குறைந்த ஓட்டமே மூளையில் மாற்றம் காட்டுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அப்புறம் வந்த கேள்வி, கால் ஓடினால் மூளைக்கு எப்படித் தெரிகிறது என்பது. கடந்த பதினைந்து ஆண்டுகளாகத் துறையின் சூடான பகுதி இதுதான். சுருங்கும் தசையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் இரத்தத்தில் சில பொருள்கள் கலக்கின்றன. அவை மூளையை நேரடியாகவோ சுற்றுவழியிலோ மாற்றுகின்றன. தசை தரும் ஐரிசின், கதெப்சின் பி ஆகிய இரண்டு புரதங்களும் முதலில் பேசப்பட்டவை. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவில் சால் வில்லெடாவின் குழு, ஓடிய கிழட்டுச் சுண்டெலிகளின் இரத்தப் பிளாஸ்மாவை ஓடாத கிழட்டுச் சுண்டெலிகளுக்கு ஏற்றியது. ஒரு அடிகூட ஓடாத எலிகளுக்கு நினைவாற்றல் மேம்பட்டது. காரணத்தைத் தேடிப் போனபோது கல்லீரல் சுரக்கும் ஜி.பி.எல்.டி.1 என்ற நொதி அகப்பட்டது. அது மூளைக்குள் எளிதில் நுழைவதுகூட இல்லை. வெளியே இருந்தபடியே எதையோ மாற்றி மூளைக்கு நன்மை செய்கிறது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் டோனி வைஸ்-கோரேயின் குழு, ஓடிய எலிகளின் பிளாஸ்மாவில் உள்ள கிளஸ்டரின் என்ற புரதம் மூளை அழற்சியைத் தணிப்பதாகக் காட்டியது. எழுந்து நடக்கவே முடியாத முதியவருக்கு உடற்பயிற்சியின் பலனில் ஒரு பகுதியையாவது மருந்தாகக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

இதுவரை எலிகளின் கதை. மனிதர்களிடம் வந்தால் விஷயம் சிக்கலாகிறது. உங்கள் வீட்டாருக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. 2011-இல் கிர்க் எரிக்சன், ஆர்தர் கிரேமர் குழு 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி வாரம் மூன்று நாள் 40 நிமிட நடை வரை போனது; மறுபாதி தசை நீட்டும் பயிற்சிகள் செய்தது. ஓராண்டு முடிவில் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. இந்த ஆய்வைத்தான் பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவை சொல்லாமல் விடுவது ஒன்று: இடம் சார்ந்த நினைவுச் சோதனையில் இரண்டு குழுவுமே முன்னேறின, இரண்டுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் இல்லை.

2015-இல் லைஃப் என்ற பெரிய சோதனையின் முடிவு வந்தது. அதிகம் நடமாடாத, 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேர். இரண்டு ஆண்டுப் பயிற்சி. சிந்தனைத் திறனில் பயிற்சிக் குழுவுக்கும் வெறும் சுகாதார வகுப்புக் குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 80 வயதைத் தாண்டியவர்களிடமும் தொடக்கத்திலேயே உடல்திறன் குறைந்திருந்தவர்களிடமும் மட்டும் திட்டமிட்டுச் செயல்படும் திறனில் ஒரு முன்னேற்றம் தெரிந்தது. 2017-இல் பிரிட்டனின் வைட்ஹால் ஆய்விலிருந்து இன்னொரு அடி. பத்தாயிரத்துச் சொச்சம் பேரை 28 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தபோது, மறதி நோய் வந்தவர்களுக்கு, அது கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே உடலியக்கம் குறையத் தொடங்கியிருந்தது. அதாவது, நடக்காததால் நோய் வந்ததா, வரப்போகும் நோய்தான் நடையைக் குறைத்ததா? 'தினமும் இத்தனை அடி நடப்பவர்களுக்கு மறதி நோய் இத்தனை சதவீதம் குறைவு' என்று வரும் ஒவ்வொரு செய்தியையும் இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும்.

2025 ஜூலையில் வந்த யு.எஸ். பாயின்டர் முடிவு நம்பிக்கை தருகிறது. 60 முதல் 79 வயது வரையுள்ள 2,111 பேர், இரண்டு ஆண்டு. உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, பழகும் வட்டம், இரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் கட்டுக்கோப்பாக நடத்திய குழு, தானாகச் செய்துகொண்ட குழுவைவிட அதிகம் முன்னேறியது. ஆனால் அதில் உடற்பயிற்சியின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆகவே, மிச்சம் என்ன என்று கேட்டால்: எந்த வயதில் தொடங்க வேண்டும், எவ்வளவு, எந்த வகைப் பயிற்சி, யாருக்குப் பலிக்கிறது, யாருக்குப் பலிப்பதில்லை, எந்த மூலக்கூறு வழியாக. முக்கியமான எல்லாமே மிச்சம். முதிர்ந்த மனித மூளையில் புது நரம்பணுக்கள் எந்த அளவுக்குப் பிறக்கின்றன என்பதிலேயே சண்டை இன்னும் ஓயவில்லை. 2018-இல் ஒரே மாத இடைவெளியில் இரண்டு முன்னணி இதழ்களில் நேர் எதிரான முடிவுகள் வந்தன. ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசன் குழு 2025-இல் வெளியிட்ட கட்டுரை, நரம்பணுக்களாக மாறக்கூடிய, பிரிந்து பெருகும் நிலையிலுள்ள முன்னோடி அணுக்களைப் பெரியவர்களின் மூளையில் இனம்கண்டது. பிறக்கின்றன என்ற பக்கத்துக்கு அது வலுச்சேர்த்திருக்கிறது.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். அல்சைமருக்கு வந்திருக்கும் லெக்கனெமாப் மருந்து அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டுக்கு 26,500 டாலர் விலை வைத்தார்கள். அப்படி ஒரு மருந்தின் சோதனைக்குத் தனியார் நிறுவனம் கோடிக்கணக்கில் செலவழிக்கும். காப்புரிமையில் திரும்ப எடுத்துவிடும். நடைப்பயிற்சிக்கு யார் காப்புரிமை வாங்க முடியும்? பல நூறு முதியவர்களை ஆண்டுக்கணக்கில் நடக்கவைத்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, சோதிக்கும் ஆய்வுக்கு லாபம் பார்க்கும் முதலீட்டாளர் வரமாட்டார். பொதுப் பணமும் அறக்கொடை அமைப்புகளும்தான் கதி. பாயின்டர் ஆய்வுக்குக்கூட முதன்மை நிதி அல்சைமர் சங்கத்திடமிருந்து வந்தது. அதோடு இணைந்த மூளைப் படிம ஆய்வுகள் போன்றவற்றுக்கு அரசு நிதி தந்தது. உடற்பயிற்சி ஆய்வு அரசு நிதியை இவ்வளவு நம்பியிருப்பதற்குக் காரணம் இதுதான். மற்ற துறைகளில் நிதி குறைந்தால் தனியாரிடம் ஓடலாம். இங்கே ஓட இடம் குறைவு.

அமெரிக்காவில் அந்தப் பொதுப் பணம் என்ஐஎச் எனப்படும் தேசிய சுகாதார நிறுவனங்கள் வழியாக வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,800 கோடி டாலர். அதற்குள் 1974-இல் தொடங்கிய தேசிய முதுமை நிறுவனம்தான் நம் துறைக்குத் தாய்வீடு. 2025 ஜனவரியில் மானிய விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களின் கூட்டங்கள் தடைபட்டன. பிப்ரவரி 7-ஆம் தேதி, மானியத்தோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் மறைமுகச் செலவுத் தொகைக்கு 15 சதவீத உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. கட்டடம், மின்சாரம், விலங்குக்கூடப் பராமரிப்பு, நெறிமுறைக் குழு எல்லாம் அந்தத் தொகையில்தான் ஓடுகின்றன. பல இடங்களில் அது 50 சதவீதத்துக்கும் மேல். நீதிமன்றம் தடுத்தது, மேல்முறையீட்டிலும் தடை நிலைத்தது. மே மாதம் அதிபர் தரப்பிலிருந்து வந்த பட்ஜெட் முன்மொழிவு என்ஐஎச் நிதியைச் சுமார் 40 சதவீதம் வெட்டி, 27 நிறுவனங்களையும் மையங்களையும் எட்டாகச் சுருக்கச் சொன்னது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. 2026 தொடக்கத்தில் நிறைவேறிய ஒதுக்கீடு முந்தைய ஆண்டைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்கள் ரத்தாகி, கீழ் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த உத்தரவின் முக்கியப் பகுதியை நிறுத்திவைத்தது. ஒதுக்கீடு நிறைவேறாததால் அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசே முடங்கியது.

கடைசியில் மொத்தத் தொகை குறையவில்லையே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். நான் அழுத்திச் சொல்ல வருவதே இதைத்தான். முதுமை ஆய்வில் பணத்தின் அளவைப் போலவே அது வரும் நேரமும் முக்கியம். எங்கள் சோதனைக்கு மூலப்பொருள் காலம். அதை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது.

அந்தக் கிழட்டுச் சுண்டெலிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 மாத எலி வேண்டுமென்றால் ஒருவர் அதை 24 மாதம் வளர்த்திருக்க வேண்டும். தேசிய முதுமை நிறுவனம் அப்படி வளர்க்கும் கூட்டத்திலிருந்து மானியம் பெற்ற ஆய்வகங்களுக்கு எலிகள் தருகிறது. மரபணு மாற்றிய வகை என்றால் அநேகமாக நீங்களேதான் வளர்க்க வேண்டும். ஒவ்வொரு கூண்டுக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை உண்டு. 18 மாதத்தில் ஓட்டம் தொடங்க வேண்டிய கூட்டம் இருக்கிறது, மானியப் புதுப்பிப்பு ஆறு மாதம் தாமதமாகிறது என்று வையுங்கள். வாடகையை எங்கிருந்தாவது புரட்டிவிட்டாலும் எலிகள் 24 மாதத்தை எட்டிவிடும். சில இறந்திருக்கும், சிலவற்றுக்குக் கட்டி வந்திருக்கும். 18 மாதத்தில் கேட்க நினைத்த கேள்வியை அந்த எலிகளிடம் இனிக் கேட்க முடியாது. வாடகை கட்ட முடியாவிட்டால் கூட்டத்தையே கொன்றுவிட நேரிடும். பணம் பிறகு முழுதாக வந்தாலும் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். இரண்டு ஆண்டு என்பது ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆய்வுக் காலத்தில் கிட்டத்தட்டப் பாதி.

மனிதர்களிடம் இழப்பு இன்னும் கனமானது. 74 வயதுக்காரர் ஒருவர் வாரம் மூன்று நாள் வந்து நடக்கிறார். பயிற்றுநர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நாடித்துடிப்பைப் பார்க்கிறார், வராத நாளில் போன் செய்கிறார். அந்த உறவுதான் சோதனையைத் தாங்குகிறது. மூன்று மாதம் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டால், அவர் வந்தாலும் இடையில் தளர்ந்த உடலின் அளவீடு எதையும் தெளிவாகச் சொல்லாது.

உண்மையில் நடந்த ஒன்று: 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் 3,234 பேர் சேர்ந்தார்கள். எடையைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடலை இயக்கியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது என்று 2002-இல் அது காட்டியது. உலகம் முழுக்க மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் முடிவு. அந்த மனிதர்களையே பின்தொடர்ந்துகொண்டிருந்த ஆய்வு, அவர்கள் முதுமை எய்திய இந்தக் கட்டத்தில் மறதி நோயைப் பார்க்கத் திரும்பியிருந்தது. நடுவயதில் வாழ்க்கை முறையை மாற்றியவர்களின் மூளை முப்பது ஆண்டு கழித்து எப்படி இருக்கிறது? இதைக் கேட்பதற்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைப்பது அரிது. 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 40 கோடி டாலர் மானியங்களும் ஒப்பந்தங்களும் ரத்தானபோது, மத்தியப் பணம் கொலம்பியா வழியாகப் போனதால் இந்த ஆய்வும் நின்றது. வளாகத்தில் யூத எதிர்ப்பைக் கையாண்ட விதம்தான் ரத்துக்கு அரசு சொன்ன காரணம். ஆய்வின் தரத்தைப் பற்றிய புகார் எதுவும் அதில் இல்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வேறு வேறு மாநிலங்களில் இருந்தார்கள். ஜூலையில் பல்கலைக்கழகம் அரசோடு உடன்பாடு செய்துகொண்டபின் ரத்தான மானியங்களில் பெரும்பகுதி திரும்பும் என்று அறிவித்தார்கள். ஆனால் 80 வயதை நெருங்குபவரிடம் விட்டுப்போன ஒரு பரிசோதனையைப் பின்தேதியிட்டு எடுக்க முடியாது. அந்த வரிசையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். எனக்கு ஆறாத விஷயம் இது.

சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றமும் உண்டு. ஐந்து ஆண்டு மானியம் என்றால் ஆண்டுக்கொரு தவணையாகத் தருவது வழக்கம். 2025-இல் பல மானியங்களுக்கு முழுத் தொகையையும் முதல் ஆண்டிலேயே ஒதுக்கச் சொன்னார்கள். மொத்தப் பணம் அதேதான். கிடைப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். இது அதிகம் அடிப்பது புதிதாக ஆய்வகம் தொடங்கியவர்களை. உங்களைப் போன்ற மாணவர்களை ஆவலோடு எடுப்பவர்களும் அவர்கள்தான்.

இனி, உங்களுக்கான யோசனை. வெளிநாட்டு மாணவருக்கு ஒரு கூடுதல் இடைஞ்சல் இருக்கிறது, பலருக்கு வந்து சேர்ந்தபின்தான் தெரிகிறது. என்ஐஎச் தரும் எஃப்31 ஆய்வு உதவித்தொகையும் டி32 பயிற்சி நிதியும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டுமே. ஆகவே உங்கள் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்தோ பேராசிரியரின் மானியத்திலிருந்தோதான் வரும். பேராசிரியரின் மானியம் நின்றால் உங்களுக்குத் துறை கைகொடுக்குமா என்பதை நேர்காணலிலேயே கேளுங்கள். வாய்மொழியாக இல்லாமல் சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 2025 வசந்தத்தில் கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொண்ட கல்வி நிலையங்கள் உண்டு. பேராசிரியரின் மானியங்கள் என்று முடிகின்றன என்பதை என்ஐஎச்சின் 'ரிப்போர்ட்டர்' தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு வேறு இடங்களிலிருந்து பணம் வரும் ஆய்வகம் ஒன்றையே நம்பியிருப்பதைவிட மேல். முனைவர் பட்டத்துக்குப் பின், சொந்த ஆய்வகம் தொடங்கும் கட்டத்துக்கு உதவும் கே99 மானியத்துக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுத் திட்டத்தை இரண்டு காலில் நிற்கும்படி அமையுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். ஒன்று, காலம் தேவைப்படும் சோதனை: கிழட்டு எலிகள், அல்லது நடக்கவிருக்கும் மனிதச் சோதனை. இன்னொன்று, ஏற்கெனவே சேர்த்துவைத்த தரவு. உடற்பயிற்சியின் மூலக்கூறு வரைபடத்தை உருவாக்கும் மோட்ர்பேக் கூட்டமைப்பு, எட்டு வாரம் பயிற்சி பெற்ற எலிகளின் பல உறுப்புகளிலிருந்து எடுத்த தரவை வெளியிட்டிருக்கிறது. 2024-இல் கட்டுரை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர்களைப் பின்தொடர்ந்து 1992 முதல் நடக்கும் ஹெல்த் அண்டு ரிட்டயர்மென்ட் ஆய்வு, அல்சைமர் மூளைப் படிமத் தொகுப்பான ஆட்னி, பிரிட்டனின் பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பான பயோபேங்க் எல்லாம் விண்ணப்பித்தால் கிடைக்கும். மானியம் ஆறு மாதம் நின்றாலும் ஒரு கட்டுரை எழுதிவிடலாம். அதற்குப் புள்ளியியலும் நிரலெழுதுதலும் தெரிந்திருக்க வேண்டும். எலியைக் கையாளத் தெரிந்தவர்கள் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், நீங்கள் தள்ளாதீர்கள்.

அமெரிக்கா மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். பாயின்டருக்கு முன்மாதிரியே பின்லாந்தில் மியா கிவிபெல்டோ நடத்திய ஃபிங்கர் ஆய்வுதான். நார்வே, ஸ்வீடன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் இந்தத் துறையில் வலுவான குழுக்கள் இருக்கின்றன. அங்கே மானியம் சிறியதாக இருக்கலாம். நான்கு ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டால் பெரும்பாலும் நான்கு ஆண்டும் சம்பளம் வரும்.

நேர்காணலுக்குப் போகும்போது விலங்குக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வயதாகிக்கொண்டிருக்கும் கூட்டம் இப்போது எத்தனை மாதத்தில் இருக்கிறது, அடுத்த ஓராண்டு அதற்கான கூண்டு வாடகை எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று கேளுங்கள். மனிதச் சோதனை என்றால், நிதி தடைபட்டால் பங்கேற்பாளர்களோடு தொடர்பு வைத்திருக்க யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அந்தப் பேராசிரியர் இதையெல்லாம் முன்பே யோசித்துவைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் தைரியமாகச் சேரலாம்.